சந்தா கட்டலாமா? சிறுநகர அரசுப் பொது நூலகம்: ஒரு மதிப்புரை

கட்டலாம், தயங்காமல் கட்டலாம். ஆனால் அங்கே எது கிடைக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இல்லையென்றால் நாளிதழ் புரட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் இடமாகவே அது நின்றுவிடும்.

சென்னையின் கன்னிமாரா, கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லாம் தனி ரகம். அவற்றுக்குக் கட்டடமும் ஆளும் பணமும் வேறு அளவில் போகின்றன. இங்கே பேசுவது மாவட்டத் தலைநகராக இருக்கும் ஒரு சிறு நகரத்தின் மைய நூலகத்தையும், அதே ஊரின் தெருக்களுக்குள் இருக்கும் கிளை நூலகங்களையும் பற்றி. ஒரே சட்டம், ஒரே துறை, ஒரே கொள்முதல் என்பதால் ஊர் மாறினாலும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் எந்த ஊர் என்று பெயர் குறிக்கவில்லை.

முதலில் காசுக் கணக்கு. சேவையை மதிப்பிட அது தெரிந்தாக வேண்டும். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் முதலில் வந்த பொது நூலகச் சட்டம் நம்முடையது. 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. ரங்கநாதன். அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டுக்கும் கடைக்கும் நாம் கட்டும் சொத்துவரியின்மேல் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்குப் போக வேண்டும். வரி 3,000 ரூபாய் என்றால் அதன்மேல் 300 ரூபாய் நூலக வரி. நகராட்சி வசூலித்து, நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வசூல் ஒரு கை, செலவு இன்னொரு கை என்பதால் பணம் இடையில் தங்குகிறது. தங்கினால் முதலில் அடிபடுவது சம்பளம் அல்ல. வார மாத இதழ்கள், பைண்டிங், ஓட்டைக் கூரை ஆகிய மூன்றும்தான். "நிதி வரல சார்" என்று கவுன்டரில் சொன்னால் பெரும்பாலும் அது உண்மையே. உங்கள் ஊர் நகராட்சி எவ்வளவு நூலக வரி நிலுவை வைத்திருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். கேட்கும் ஊரில் பணம் கொஞ்சம் வேகமாக நகரும்.

ஆக, சந்தா என்பது தனியாகக் கொடுக்கும் சொற்பத் தொகைதான். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தாலும் இன்றைக்கு ஒரு நடுத்தர நாவலின் விலையைத் தொடாது. காப்புத்தொகையை உறுப்பினர் விலகும்போது திரும்பப் பெறலாம். ஆனால் ரசீது வேண்டும். ரசீதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருடம் கழித்து அந்தத் துண்டுத்தாள் அகப்படாது. சேருவதற்கு நூலகத்திலேயே விண்ணப்பம் கிடைக்கும். முகவரிச் சான்றின் நகல், பாஸ்போர்ட் அளவு புகைப்படம், தொகை இவ்வளவுதான். சிறுவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து. எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்பது கட்டும் தொகையைப் பொறுத்தது. எடுத்த எடுப்பில் அதிக எண்ணிக்கைக்கே கட்டிவிடுங்கள். வித்தியாசம் சில பத்து ரூபாய்தான். பயன் மூன்று மடங்கு.

மைய நூலகமா கிளையா என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். மைய நூலகம் காலை 8 மணிமுதல் இரவு 8 மணிவரை திறந்திருக்கும்; இருப்பு அதிகம்; அகராதி, கலைக்களஞ்சியம் போன்றவற்றை அங்கேயே பார்க்கும் குறிப்புதவிப் பிரிவு உண்டு. கிளைகளில் பல மதியம் பூட்டி மாலையில் திறப்பவை, வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. ஆனால் நாவல், சிறுகதை படிக்கிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை கிளைதான். அங்கே நூலகருக்கு உங்கள் முகம் தெரியும். யார் எதை எடுத்துப் போயிருக்கிறார், எப்போது திரும்பும் என்பது அவர் தலைக்குள் இருக்கும். எந்தக் கணினியும் அந்த வேலையை அத்தனை கச்சிதமாகச் செய்வதில்லை.

இனி அலமாரி. இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. நாற்பதாயிரம் புத்தகம் உள்ள நூலகத்தில் நீங்கள் கேட்டது இருக்க வாய்ப்பு அதிகம். அது கையில் கிடைக்க வாய்ப்பு குறைவு. புத்தகம் இல்லாமை அல்ல, கண்டெடுக்க முடியாமைதான் சிறுநகர நூலகத்தின் முதல் நோய்.

காரணம் என்ன என்று பார்ப்போம். ஒரு ஸ்டீல் ராக் மூன்றடி அகலம், ஆறு தட்டு. சராசரித் தமிழ்ப் புத்தகத்தின் கனம் இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு தட்டில் 36 நிற்கும். ராக்குக்கு இருநூற்றுச் சொச்சம். ஆனால் விளிம்புவரை அடைத்தால் ஒன்றை உருவும்போது முதுகின் மேல்நுனி பிய்ந்துவரும். திருப்பி வைக்க இடமிருக்காது. வைக்க இடமில்லாத புத்தகம் மேலே படுக்கவைக்கப்படும். படுத்த புத்தகம் தொலைந்த புத்தகம். நன்றாக நடத்தப்படும் நூலகத்தில் ஒவ்வொரு தட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கும். அப்படிக் கணக்கிட்டால் ராக்குக்கு 170. நாற்பதாயிரத்துக்கு 235 ராக் வேண்டும். நிஜத்தில் நூற்றைம்பது இருந்தாலே பெரிது. மீதி எங்கே போகிறது? கட்டுக்கட்டாய்ச் சணல் கயிற்றில், மாடிப்படிக்குக் கீழே.

ஏன் பழசைக் கழித்துக்கட்டுவதில்லை என்று கேட்கத் தோன்றும். கழிவு செய்வதற்குப் பட்டியல், குழு, ஒப்புதல், ஏலம் என்று நீண்ட வழி இருக்கிறது. அதைவிட முக்கியம், இருப்புச் சரிபார்ப்பில் எண்ணிக்கை குறைந்தால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே 1990களின் பொது அறிவுக் கையேடும், வழக்கொழிந்த கணினிப் பாடநூலும் கைவிடப்படாமல் நின்றுகொண்டிருக்கின்றன. நேற்று வந்த நல்ல நாவல் கட்டுக்குள் கிடக்கிறது. பூட்டிய கண்ணாடி பீரோக்களுக்கும் இதுவே காரணம். விலை உயர்ந்ததெல்லாம் உள்ளே. பூட்டியிருந்தால் "சார், அந்தப் பீரோவைத் திறந்து பார்க்கலாமா" என்று கேளுங்கள், திறப்பார்கள். யாரும் கேட்காததால்தான் சாவி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

அடுத்தது பகுப்பு எண், அதாவது புத்தகம் எந்தத் துறை, எந்தத் தட்டு என்று காட்டும் எண். பழைய கிளைகளில் முதுகுச்சீட்டில் ரங்கநாதனின் கோலன் பகுப்பு இன்னமும் தென்படும். பெரிய புதிய நூலகங்கள் டியூயி தசமப் பகுப்பு என்ற வேறொரு முறையில் இருக்கின்றன. அதில் தமிழ் இலக்கியம் 894.811. கோலனில் இலக்கியத்துக்கு ஆங்கில ஓ (O) எழுத்து, தமிழுக்கு 31, காற்புள்ளிக்குப் பின் கவிதை 1, நாடகம் 2, புனைகதை 3. ஆக ஓ31,3 என்றால் தமிழ்ப் புனைகதை. அதற்கடுத்து வர வேண்டியது எழுத்தாளர் பிறந்த ஆண்டு. 1900களுக்கு ஆங்கில என் (N) எழுத்து என்பதால் 1923இல் பிறந்தவருக்கு என்23. அழகான ஏற்பாடு: ஒரே எழுத்தாளரின் எல்லாப் புனைகதைகளும் ஒரே இடத்தில், அவர் தலைமுறையினர் பக்கத்திலேயே. ஆனால் புதிதாக எழுத வந்தவர் எந்த வருடம் பிறந்தார் என்று ஒரு கிளை நூலகர் எங்கே போய்த் தேடுவார்? புத்தகத்தில் போட்டிருக்காது. எனவே எண் ஓ31,3 உடன் நின்றுவிடுகிறது. அப்புறம் இரண்டாயிரம் நாவலும் ஒரே எண்ணில் குவியல். இன்னொன்று, தலைப்பை மட்டும் பார்த்து எண் போடுவது. விதை, கிணறு, மழை என்று தலைப்பு உள்ள நாவல்கள் வேளாண்மைத் தட்டில் மண்வளக் கையேடுகளோடு நிற்கும். தேடியது புனைகதைத் தட்டில் கிடைக்கவில்லை என்றால், தலைப்பின் நேர்ப்பொருள் எந்தத் துறையோ அந்தத் தட்டையும் ஒரு பார்வை பாருங்கள். வியப்பூட்டும் அளவுக்குப் பலன் தரும் உத்தி இது.

கணினி இருக்கும் இடத்தில் அட்டவணையில் தேடுவதற்கும் ஒரு நுட்பம் உண்டு. பதிவுகளைப் பலர் பல காலத்தில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். சிலது ஒருங்குறி (யூனிகோட்) தமிழில், சிலது ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து. ராஜ என்றும் இராச என்றும் ஒரே பெயர் இரண்டு. முதலெழுத்துக்குப் பின் புள்ளி, இடைவெளி என்பவை ஆளுக்கொரு விதம். முழுப் பெயரைத் தட்டினால் "இல்லை" என்றுதான் வரும். கிரந்த எழுத்தோ முதலெழுத்தோ இல்லாத நடுத்துண்டை மட்டும் தட்டுங்கள். அதிலும் வராவிட்டால் தலைப்பில் உள்ள அபூர்வமான ஒரு சொல்லைத் தட்டுங்கள். பதிவு கிடைத்ததும் குறித்துக்கொள்ள வேண்டியது பகுப்பு எண் மட்டுமல்ல, சேர்க்கை எண்ணையும்தான். அந்த எண்தான் நூலகத்துக்குள் புத்தகத்தின் அடையாளம். அதைச் சொன்னால் வெளியே போயிருக்கிறதா, பைண்டிங்கில் இருக்கிறதா, கழித்தாகிவிட்டதா என்பதை நூலகர் பதிவேட்டைப் புரட்டிச் சொல்லிவிடலாம்.

ஒரு நூலகம் ஒழுங்காக நடக்கிறதா என்பதைப் பத்து நிமிடத்தில் அறிய ஒரு வழி: தமிழ் நாவல் தட்டில் கைக்கு வந்த பத்துப் புத்தகத்தை எடுத்துக் கடைசித் தாளில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். கட்டம் கட்டமாக ரப்பர் முத்திரை, ஊதா மை. கடைசித் தேதி இந்த ஆண்டாக ஐந்தாறு புத்தகத்திலாவது இருந்தால் அது உயிருள்ள நூலகம். எல்லாம் நாலைந்து வருடத்துக்கு முந்தியவை என்றால் வாசகர் வரவில்லை, அல்லது முத்திரை போடுவதை விட்டுவிட்டார்கள். பார்கோடு வந்த இடங்களில் சிலர் சீட்டையே நீக்கிவிட்டார்கள். இது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. எப்போது திருப்ப வேண்டும் என்பதை வாசகருக்குச் சொல்வது அந்தச் சீட்டுதான். பார்கோடு ஒட்டும் இடமும் முக்கியம். வெளி அட்டையில் ஒட்டினால் கைவியர்வையிலும் பை உரசலிலும் ஆறு மாதத்தில் கோடு அழியும். உள்தலைப்புப் பக்கத்தில் ஒட்டி மேலே கண்ணாடி டேப் போட்டால் புத்தகம் உள்ளவரை இருக்கும்.

பைண்டிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நூலகக் கொள்முதலில் பதிப்பாளர்களுக்கு நெடுங்காலம் ஃபாரம் கணக்கில்தான் விலை தரப்பட்டது, அதாவது பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு என்று. அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்பது பதிப்பாளர்களின் பழைய முறையீடு. கட்டுப்படியாகாதபோது மிச்சம் பிடிப்பது தாளிலும் கட்டுமானத்திலும்தான். நூலால் தைத்த புத்தகங்கள் குறைந்து, முதுகில் சூடான பசை மட்டும் தடவிய பெர்ஃபெக்ட் பைண்டிங் வந்தது. வீட்டில் ஒருவர் படித்தால் அது தாங்கும். இருபது கை மாறினால் நடுப்பக்கங்கள் தனித்தனியாகக் கழன்று வரும். உடனே பைண்டிங்குக்கு அனுப்பினால் பிழைக்கும். ஆனால் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை. அதுவரை ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். வெயிலில் ரப்பர் உருகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி நாடாவால் கட்டி வைப்பதே சரி.

பைண்டிங் முடிந்து வரும் புத்தகத்திலும் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஓரம் சீவும்போது எழுத்தையும் சேர்த்துச் சீவிவிடுவது. முதுகில் பெயர் எழுதாமல் விடுவது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்காமல் ஒட்டுவது. மைதா மட்டும் என்றால் ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் விருந்து. ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் அண்டாது. பெயர் இல்லாத கறுப்புக் காலிகோத் துணி முதுகுகள் ஒரு வரிசை நின்றால், எது எது என்று ஒவ்வொன்றாக உருவித்தான் பார்க்க வேண்டும். வெள்ளை பெயின்ட் பேனாவால் பெயரும் எண்ணும் எழுத ஒரு நிமிடம் போதும். வாசகர் வட்டத்தில் இருக்கும் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு ராக் முழுக்க முடியும். சில ஊர்களில் செய்கிறார்கள். செய்த ராக்குக்கும் செய்யாத ராக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தேதிச் சீட்டிலேயே பார்க்கலாம்.

மழைக்காலம் தனிக் கதை. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கு மாவட்டக் கட்டடங்களின் தளம் கசியும். சுவரோடு ஒட்டிய ராக்கில் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். கீழ்த்தட்டு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருந்தால் புத்தகம் நனையத் தரை கழுவிவிட்ட தண்ணீரே போதும். ராக்கைச் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளிப் போட்டு, கீழ்த்தட்டைக் காலியாக விட்டால் பாதிச் சேதம் நின்றுவிடும். இரண்டுக்கும் காசு செலவில்லை. பூஞ்சை மணம் வரும் புத்தகத்தை எடுத்துப் போனால் வீட்டு அலமாரியில் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்; நிழலில் விரித்து ஒருநாள் காற்றாட விட்டு, உலர்ந்த துணியால் துடைத்தபின் படியுங்கள். நேர் வெயிலில் வைத்தால் முதுகுப் பசை விட்டுப்போகும்.

படிப்பறை இன்றைக்கு யாருடையது என்றால், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுடையது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டால் காலை எட்டே காலுக்கு நாற்காலி கிடைக்காது. இதைத் தொல்லையாகப் பார்க்கும் வாசகர்கள் உண்டு. எங்களுக்கு அது ஏற்புடையதல்ல. வீட்டில் தனி அறையும் மேசையும் இல்லாத பெண்ணுக்கு ஊரில் மின்விசிறிக்கு அடியில் பன்னிரண்டு மணி நேரம் இலவசமாக உட்கார வேறு இடம் எது? குறை அவர்களிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்குத் தனி அறை, ஆறு பேருக்கு ஒரு பிளக் பாயின்ட், பெண்களுக்குத் தாழ்ப்பாள் விழும் கழிப்பறை ஆகியவை இருந்தால் நாளிதழ்ப் பகுதியும் நிம்மதியாக இருக்கும். கழிப்பறையைப் பார்க்காமல் எந்த நூலகத்துக்கும் மதிப்பெண் போடாதீர்கள். தண்ணீர் வராத கழிப்பறை உள்ள நூலகத்தில் பெண் வாசகர்கள் மதியத்துக்குமேல் இருக்க மாட்டார்கள்.

தேர்வர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நூலகத்தின் நடப்பு நிகழ்வுத் தொகுப்புகளில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். இரண்டு வருடப் பழசு என்றால் தொடாதீர்கள். தப்பாக மனப்பாடம் ஆனதை அழிப்பது கடினம். மாறாக, ஆறாம் வகுப்புமுதல் பன்னிரண்டாம் வகுப்புவரையான அரசுப் பாடநூல் வரிசை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நூலகம் தேர்வுக்குப் போதும்.

நாளிதழ்ப் பகுதிக்கு வர வேண்டிய நேரம் முதல் ஒரு மணி நேரம். அப்புறம் தாள் பிரிந்து, இணைப்பு ஒரு கையிலும் முதன்மை இன்னொரு கையிலுமாக இருக்கும். வேலைவாய்ப்பு அறிவிப்பைப் பிளேடால் வெட்டிப் போகும் பழக்கம் இன்னமும் ஒழியவில்லை. எல்லோர் கையிலும் கேமரா உள்ள காலத்தில் இது மன்னிக்க முடியாதது.

சிறுவர் பகுதிக்கு எங்களிடம் குறைந்த மதிப்பெண்தான். குட்டி நாற்காலிகளும் சுவரில் படங்களும் இருக்கும். புத்தகம் மட்டும் பெரியவர்கள் உயரத்துக்கு. கிழித்துவிடுவார்கள் என்ற பயம். கிழியத்தான் செய்யும். ஒட்டுவதற்கு டேப் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரம் நாலடிக்குள்; அதற்குமேல் வைத்த சிறுவர் நூல் பதிவேட்டுக்கு மட்டும்தான் பயன். குழந்தையோடு போகிறவர்கள் நூலகரிடம் கேட்டு நாலு புத்தகத்தை இறக்கி மேசையில் பரப்புங்கள். போகும்போது அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். தப்பான தட்டில் சொருகுவதைவிட மேசையில் விடுவது நூலகருக்கு உதவி. இது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

தவணை கடந்தால் என்ன ஆகும் என்று பயந்து புத்தகத்தைத் திருப்பாமலே வைத்திருப்பவர்கள் ஏராளம். தாமதக் கட்டணம் மிகச் சிறியது. நூலகர்கள் புத்தகம் திரும்பினால் போதும் என்றே இருக்கிறார்கள். தொலைந்துபோயிருந்தால் அதே நூலின் வேறு பிரதியை வாங்கிக் கொடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். பணமாகக் கட்டினால் அந்தத் தட்டுக்கு அந்தப் புத்தகம் திரும்பி வருவது அரிது.

வசதி உள்ளவர்கள் 1,000 ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேரலாம். பலகையில் பெயர் ஏறும். அதைவிடப் பயனுள்ளது பரிந்துரைப் பதிவேடு. கேட்டால் தருவார்கள். "நல்ல புத்தகங்கள் வாங்கவும்" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, விலை ஐந்தையும் எழுதி, உறுப்பினர் எண்ணைப் போட்டுக் கையெழுத்திடுங்கள். கொள்முதல் இணையவழிக்கு மாறியிருக்கும் இப்போது, நூலகர் கையில் இந்த ஐந்து விவரமும் தயாராக இருந்தால்தான் பட்டியல் கேட்கும் நாளில் உங்கள் புத்தகம் அதில் ஏறும்.